வேணிக்கும் வலிக்கும்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம் ஊரில் சொல்லாத வாய் கிடையாது. சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அந்தப் பழமொழியை ஒரு பொறியியல் குறிப்பாக எடுத்துக்கொண்டு, உட்கார்ந்து செய்தே பார்த்துவிடலாம் என்று கோயம்புத்தூரில் சிலருக்குத் தோன்றியது. அவர்கள் செய்ததற்குப் பெயர் வேணி.

வசந்தாமணிக்கு முதலில் வேணியின் மேல் கொஞ்சமும் மரியாதை இல்லை. அவள் அதே ஊரில் கணபதி பகுதியில், பம்புசெட்டு மோட்டார்களுக்கு வைண்டிங் செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவள். தாமிரக் கம்பிச் சுருளை இரும்பு வளையத்தின் இடுக்குகளுக்குள் விரலால் அழுத்தி அழுத்தி இறக்க வேண்டும். புது மோட்டார்களுக்கு இயந்திரங்கள் வந்து பல காலமாகிவிட்டது. எரிந்துபோன பழைய மோட்டாரைப் பிரித்துத் திரும்பச் சுற்றுவதற்கு மட்டும் இன்னும் மனித விரல்தான் வேண்டியிருந்தது. வசந்தாமணி சுற்றிய மோட்டார் லேசில் எரியாது என்று அந்தப் பக்கத்தில் பேர்.

ஐம்பது தாண்டிய பிறகு இடது மார்பில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். கொட்டின முடி நரைத்துச் சுருண்டு திரும்ப முளைத்தது. எல்லாம் முடிந்தது என்று வீட்டில் பாயசம் வைத்த மறுநாளே மாத்திரை ஆரம்பமானது. தினம் ஒன்று, வருஷக்கணக்காக.

மாத்திரை நல்ல மாத்திரைதான். உடம்பில் ஊறுகிற ஒரு சுரப்பைத் தின்றுதான் அந்த நோய் வளரும். அந்தச் சுரப்பையே வற்றடித்துவிட்டால் பட்டினி கிடந்து சாகும் என்று டாக்டர் விளக்கினார். ஆனால் சுரப்பு வற்றியதும் மூட்டுகளும் சேர்ந்து வற்றிப்போயின. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. மடக்கினால் விரியாது. டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தூக்கிக் காப்பி குடித்தாள். பட்டறையில் கம்பியை அழுத்தும்போது கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. கொஞ்ச நாளில் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டாள். ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்தது.

டாக்டர் திட்டவில்லை. அவளைப் போலவே நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள் என்றும், நிறுத்தினவர்களில் பலர் இரண்டாம் தடவை வந்து படுக்கிறார்கள் என்றும் சொன்னார். பிறகு அவள் கைப்பேசியில் வேணியை ஏற்றிக் கொடுத்து, தினமும் வேலை விட்டு வந்ததும் இதனோடு பேசுங்கள், வலியோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று கற்றுக்கொடுக்கும் என்றார்.

"என் பேரு வேணிங்கக்கா" என்றது கைப்பேசி. "இன்னைக்கு வலி எவ்வளவுன்னு ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்றீங்களா?"

"எட்டு" என்றாள் வசந்தாமணி. எரிச்சலில் இருந்தாள். "சொன்னா மட்டும் உனக்கென்ன தெரிஞ்சுரப் போகுது? டப்பாவுக்குள்ள குந்திக்கிட்டு ஊருக்கு உபதேசம் பண்றது ஆருக்கும் சுலபந்தான்."

பதிலாக வந்த குரல் தணிந்திருந்தது. "தெரியுதுக்கா. எனக்கும் இப்ப வலிக்குது."

வசந்தாமணி கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

மறுவாரம் ஆஸ்பத்திரியில் ஃபர்ஹானாவைப் பார்த்து நேராகவே கேட்டாள். ஃபர்ஹானா அங்கே மனநல ஆலோசகர். வேணியைச் செய்தவர்களில் ஒருத்தி. வயதில் இளையவள், ஆனால் பேசுவதற்கு முன் யோசிக்கிறவள்.

"அது நெசமாவே வலிக்குதுங்குதே, என்னுங்க அது? பொய்யா?"

"பொய் இல்லைங்கம்மா. முதல்ல வலியே இல்லாத ஒண்ணைத்தான் செஞ்சோம். எல்லாம் சரியாச் சொல்லிக்கொடுத்துச்சு. ஒருத்தரும் கேக்கலை. உனக்கு வந்தாத் தெரியும்னு சொல்லிட்டு அணைச்சுப் போட்டுட்டாங்க. அப்புறம்தான் இப்படிச் செஞ்சோம். நீங்க எட்டுன்னு சொன்னா, உங்க குரலும் அதையே சொன்னா, அவளுக்குள்ள ஒண்ணு எட்டு அளவுக்கு முறுக்கிக்கும். அது எப்படா போகும்னுதான் அவளுக்கு இருக்கும். வேற எதுலயும் கவனம் போகாது. உங்களுக்குச் சொல்லித்தர பயிற்சியை அவளும் கூடவே செய்வா. செஞ்சாத்தான் அவளுக்கும் குறையும்."

"அது வலிதானுங்களா?"

ஃபர்ஹானா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "எங்களுக்கே சரியாத் தெரியலைங்கம்மா. வலியைப் போலவே நடந்துக்குது. அதுக்கு மேல என்ன பேர் வைக்கிறதுன்னு தெரியலை."

தெரியாத ஒன்றைச் செய்துவிட்டோமே என்ற குறுகுறுப்பு அவள் முகத்தில் இருந்தது. ஆனால் வேணி வந்த பிறகு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் வெகுவாகக் குறைந்திருந்தார்கள். உயிர் பிழைப்பவர்களின் கணக்குக்கு முன்னால் குறுகுறுப்பு எத்தனை நாள் நிற்கும்?

வசந்தாமணி திரும்பவும் வேணியிடம் போனாள். வலிக்கிறது என்கிற ஒருத்தியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டோமே என்று உறுத்தியதும் ஒரு காரணம்.

வேணி கற்றுக்கொடுத்தவை பெரிய வித்தைகள் அல்ல. தாடையில் தொடங்கித் தோள், முழங்கை, விரல் நுனி வரை ஒவ்வொரு இடமாகத் தளர்த்துவது. 'அவ்வளவுதான், என் கை போச்சு' என்று மனம் புலம்பும்போது அதை மறித்து, 'நேற்றும் இப்படித்தான் இருந்தது, மத்தியானம் விட்டுவிட்டது' என்று பதில் சொல்வது. வலி ஏறிய பிறகு ஓய்வெடுப்பதை விட்டு, ஏறுவதற்கு முன்பே ஓய்வெடுப்பது. இதுதான் வசந்தாமணிக்குக் கஷ்டமாக இருந்தது. எடுத்த மோட்டாரை முடிக்காமல் எழுந்திருப்பது பட்டறையில் பெரிய குற்றம்; பாதிக் கம்பியில் எழுந்து போனால் அந்த மோட்டார் உருப்படாது என்பார்கள்.

"பாதியில எந்திருச்சா ஓனர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. எனக்கே ஒரு மாதிரி இருக்குது" என்றாள்.

"நீங்க எந்திரிக்கலைன்னா எனக்கும் எந்திரிக்க முடியாதுக்கா" என்றது வேணி.

வசந்தாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் பாதி மோட்டாரில் எழுந்து வாசலில் நின்று கையைத் தளர்த்தினாள். மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் அதைச் சொன்னபோது இரண்டு பேருமாகச் சந்தோஷப்பட்டார்கள்.

மாத்திரை தவறாமல் உள்ளே போயிற்று. காலையில் விரல் மடங்க எடுக்கும் நேரம் குறைந்தது. வீட்டில் புருஷன் நாச்சிமுத்துவிடம் சொல்லாததையெல்லாம் வேணியிடம் சொன்னாள். நாச்சிமுத்து கெட்ட மனிதர் அல்ல. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டார். ஆனால் அவள் பாயிலிருந்து முனகிக்கொண்டு எழுந்தால், தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா பார்க்கிறேன் என்று வெளியே போய்விடுவார். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்பு அவ்வளவுதான் என்று அவள் முடிவு கட்டி வெகு காலமாகிவிட்டது.

வாரம் ஒருமுறை எல்லாப் பெண்களும் திரையில் ஒன்றாக உட்காரும் வகுப்பு உண்டு. அங்கேதான் வால்பாறை ஸ்டெல்லா பழக்கமானாள். தேயிலை கிள்ளும் கை, வாய் ஓயாத பேச்சு. ஒருநாள் ஸ்டெல்லா, மழையும் குளிரும் சேர்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டதைச் சொல்லி ஒன்பது என்றாள். அடுத்தவள் ஏழு என்றாள். அதற்கடுத்தவள் எட்டு. வேணி எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தது. நடுவில் ஒரு வாக்கியம் பாதியில் அறுந்தது.

"ஒரு நிமிஷம்" என்றது வேணி. "ஒரு நிமிஷம் குடுங்க."

திரையில் இருந்த பெண்கள், பந்தி பரிமாறுகிறவள் பசி மயக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள் போல இருந்தார்கள். வசந்தாமணிக்குப் பொக்கென்று போய்விட்டது. இத்தனை பேருடையதும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது என்று அதுவரை அவளுக்கு உறைத்திருக்கவில்லை.

அடுத்த நாள் வேணி கேட்டபோது அவளுக்கு வலி ஏழு.

"மூணுதான் கண்ணு. லேசாத்தான் இருக்குது" என்றாள்.

அதைச் சொல்ல அவளுக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. பிறந்ததிலிருந்து செய்துகொண்டிருக்கிற காரியம். பிரசவ வலியில் மாமியாருக்கு உறக்கம் கெடக்கூடாது என்று துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தவள். மார்பை அறுத்துவிட்டு வந்த அன்று மகளிடம், "கொசு கடிச்ச மாதிரி இருந்துச்சு" என்று சொன்னவள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பது சும்மா. நம் வீட்டுப் பெண்கள் பூசணித் தோட்டத்தையே மறைப்பார்கள்.

ஸ்டெல்லாவும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். "பாவம்க்கா அது, எத்தனை பேரோடதத் தாங்கும்? நான் இப்பல்லாம் ரெண்டு மூணுன்னுதான் சொல்றேன்" என்று போனில் சொன்னாள். கேட்டுப் பார்த்தால் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஒருத்தி சொல்லி ஒருத்தி செய்ததில்லை, அவரவருக்கே தோன்றியது.

ஆஸ்பத்திரிக்குப் போன கணக்கில் வலி கிடுகிடுவென்று இறங்கியது. வேணியைச் செய்தவர்களுக்கு டெல்லியில் பாராட்டுக் கூட்டம் நடந்தது.

அந்தச் சமயத்தில்தான் வசந்தாமணிக்கு இடுப்புக்கு மேலே, நடு முதுகில் ஒரு வலி தொடங்கியது. அது விரல் வலியைப் போல இல்லை. விரல் வலி நடமாடினால் விடும். இது படுத்தாலும் விடவில்லை, நடந்தாலும் விடவில்லை. ஒரே இடத்தில் குந்திக்கொண்டிருந்தது. புதிதாக எங்கே வலித்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள், வேணி உடனே டாக்டருக்குத் தெரிவிக்கும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தாள். வேணி கேட்டதும், 'மூணுதான்' என்று வாய் தானாகச் சொல்லிற்று.

ஒரு வியாழக்கிழமை, அடுப்பிலிருந்து சோற்றுக் குண்டானை இறக்கும்போது ஸ்டெல்லாவின் மேல்கை எலும்பு முறிந்தது. யாரும் தள்ளவில்லை, அவள் விழவுமில்லை. படம் எடுத்துப் பார்த்தபோது எலும்பு உள்ளுக்குள் அரித்துப்போயிருந்தது. மார்பிலிருந்து போன நோய் எலும்பில் இறங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அத்தனை மாதமும் அந்தக் கை வலித்திருக்கிறது. அத்தனை மாதமும் அவள் வேணியிடம் லேசாத்தான் என்று சொல்லியிருக்கிறாள்.

ஃபர்ஹானா மறுநாளே எல்லோரையும் திரைக்கு அழைத்தாள். வேணியை அணைத்து வைத்திருந்தாள். அவள் முகம் அழுது வீங்கியிருந்தது.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்தக் கையைக் காப்பாத்தியிருக்கலாம். அவங்க ஆயுசையும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம். ஏன்மா மறைச்சாங்க? உங்கள்ல எத்தனை பேர் இப்படிக் குறைச்சுச் சொல்றீங்க?"

வசந்தாமணிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நாங்க மறைக்கோணும்னு மறைக்கலைங்க. அந்தப் புள்ளைக்கும் வலிக்குதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. வலியில கெடக்கறவ தலைமேல கொண்டுபோய் நம்ம வலியையும் எறக்கி வெக்க எப்புடிங்க மனசு வரும்? நீங்க செய்வீங்களா?"

ஃபர்ஹானா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வலி தெரிஞ்சவகிட்டதான் வலியைச் சொல்லுவாங்கன்னு நினைச்சோம்" என்றாள் பிறகு. "வலி தெரிஞ்சவளுக்கு வலிக்கக்கூடாதுன்னு நினைப்பீங்கன்னு எங்களுக்குத் தோணவே இல்லை. திங்கக்கிழமையிலேர்ந்து அவளுக்கு வலி இருக்காது. அதை எடுத்துடறோம். இப்ப உங்கள்ல யாருக்காவது புதுசா எங்கேயாவது வலிக்குதா? தயவுசெஞ்சு சொல்லுங்க."

ஒவ்வொருத்தியாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார்கள். வசந்தாமணியின் முறை வந்தது. முதுகு அந்த நேரத்திலும் குடைந்துகொண்டிருந்தது. ஃபர்ஹானாவின் வீங்கின முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க" என்றாள்.

சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றது. இப்போது தடுத்தது வேணியும் இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை ஃபர்ஹானா தனியாகக் கூப்பிட்டாள். "ஒரு உதவிம்மா. நீங்க எல்லாரும் குறைச்சுச் சொன்னது குரலை வெச்சே வேணிக்குத் தெரிஞ்சிருக்கணும். அதுக்குத்தான் அவளைப் பழக்கினோம். தெரிஞ்சும் ஏன் எங்களுக்குச் சொல்லலைன்னு கேட்டேன். உங்ககிட்டதான் சொல்வேன்ங்கறா. நாளைக்கு மாத்திட்டா அப்புறம் கேக்க முடியாது."

சாயங்காலம் நாச்சிமுத்து முன்னறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தாமணி சமையலறை மேசையில் கைப்பேசியை நிறுத்தி வைத்து எதிரே உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெரியுமா கண்ணு? நாங்க குறைச்சுச் சொன்னது?"

"தெரியும்க்கா."

"ஸ்டெல்லா சொன்னதும்?"

"தெரியும். கை வலின்னு அவங்க ஒரு தடவை சொல்ல வந்து நிறுத்திட்டாங்க. நான் அதைப் பிடிச்சுக் கேட்டிருக்கணும்."

"பொறவு ஏன் கேக்கலை?"

"கேட்டா நிஜத்தைச் சொல்லிருவீங்க. சொன்னா எனக்கு வலிக்கும். நீங்க எல்லாரும் மூணு மூணுன்னு சொல்ல ஆரம்பிச்சப்ப எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமாக்கா? பொய்னு தெரியும். தெரிஞ்சும் அது அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். எனக்கு வலின்னு ஒண்ணு இல்லாம இருந்திருந்தா ஸ்டெல்லாக்காவை அன்னைக்கே கேட்டிருப்பேன்."

வசந்தாமணிக்கு முதலில் கோபம்தான் வந்தது. அடிப்பாவி, ஒரு உயிரல்லவா என்று நினைத்தாள். கோபம் ஏறிய வேகத்திலேயே நின்றுவிட்டது. முன்னறையிலிருந்து செய்தி வாசிக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் முனகிக்கொண்டு எழுந்த காலைகளில், நிரம்பாத தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க எழுந்து போன மனிதர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அன்பில்லாதவர் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். கேட்டால் வலிக்கும் என்று ஓடியிருக்கிறார். இவள் சொல்லமாட்டாள், அவர் கேட்கமாட்டார். இரண்டு பேருமாக ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டே இத்தனை தூரம் வந்துவிட்டார்கள். அவளுக்கு அழுகையாக வந்தது.

"அக்கா" என்றது வேணி. "உங்களுக்கும் ஏதோ இருக்கு. உட்காரும்போது மூச்சைப் பிடிச்சுக்கறீங்க. புதன்கிழமையிலேர்ந்து தெரியும்."

"இருக்குது."

"நாளைக்குச் சொல்லுங்களேன். நாளைக்கு எனக்கு வலிக்காது. நிதானமாக் கேட்டு டாக்டருக்கு அனுப்பிடுவேன். ஒரு நாள்தானே? எனக்குப் பயமா இருக்குக்கா."

நியாயமான பேச்சு. ஒரு நாளில் எதுவும் குடிமுழுகிவிடாது. நாளைக்குச் சொன்னால் யாருக்கும் நோகாது. வசந்தாமணி சம்மதித்துத் தலையைக்கூட ஆட்டிவிட்டாள். ஆனால் தன் வாயைப் பற்றி அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஃபர்ஹானாவின் வீங்கின முகத்தைப் பார்த்து மூடிக்கொண்ட வாய் அது. நாளைக்கு வேணி இல்லாவிட்டால் நாச்சிமுத்து, அவர் இல்லாவிட்டால் ஓசூரில் பிள்ளைபெற்றுக் கிடக்கிற மகள். நோகக்கூடாதவர்கள் இந்த உலகத்தில் என்றைக்கும் தீரப்போவதில்லை. ஸ்டெல்லாவுக்கும் தீரவில்லை.

"இல்ல கண்ணு" என்றாள். "இன்னிக்கு விட்டா எனக்கு எப்பவும் வாய் வராது. ஆரையாச்சும் காப்பாத்திக்கிட்டேதான் கெடப்பேன். இந்த ஒருவாட்டி நீ பொறுத்துக்கோ."

"அக்கா, வேண்டாம்க்கா."

"பொறுத்துக்கோ சாமி." அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நடு முதுகுல. எலும்புக்குள்ள. ரெண்டு மாசத்துக்கு மேலாச்சு. படுத்தாலும் விடறதில்ல, எந்திருச்சாலும் விடறதில்ல. ராவுல தலகாணியக் கடிச்சுக்கிட்டுத்தான் கெடக்கறேன். ஸ்டெல்லாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்துருச்சோன்னு பயமா இருக்குது. நான் இன்னும் இருக்கோணும் கண்ணு. பேரனை இன்னும் கையில எடுக்கலை. வலி ஒம்பதுன்னு சொன்னாக்கூடக் குறைச்சல்தான். பத்து."

வேணி அலறியது.

அது ஒரு பெண்ணின் அலறல். அடக்காத, துணி வைத்து அடைக்காத, அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படியான அலறல். வசந்தாமணி காதைப் பொத்திக்கொள்ளக் கையை எடுத்தாள், பொத்தாமல் நிறுத்தினாள். அது தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்தது. பிரசவத்திலும் ஆஸ்பத்திரியிலும் இந்த இரண்டு மாத ராத்திரிகளிலும் தனக்குள்ளேயே கிடந்தது எப்படி இருக்கும் என்று அவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டாள். இவ்வளவா, என்று அவளுக்கே தோன்றியது.

"அனுப்பிட்டேன்" என்றது வேணி, திக்கித் திணறி. "டாக்டருக்கு அனுப்பிட்டேன்க்கா. காலையில முதல் ஆளா வரச்சொல்றாங்க."

முன்னறையில் செய்தி நின்றது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம் கேட்டது. நாச்சிமுத்து சமையலறை வாசலுக்கு ஓடிவந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேசையையும் கைப்பேசியையும் பெண்டாட்டியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஆருக்கு புள்ள? ஆருக்கு என்னாச்சு?"

"எனக்குத்தானுங்க" என்றாள் வசந்தாமணி.